பூதம் கேட்ட சொல்

எங்கள் கப்பல் நிறுத்தத்தின் ஓரத்தில் ஒரு வரிசை இருக்கிறது. 'வாரேன் வரிசை' என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். அங்கே நிற்கிற கப்பல்களுக்கு ஒரு குறையும் கிடையாது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, இருக்கை உறைகூடக் கிழியவில்லை. ஆனால் எவன் வந்து தலைகீழாக நின்றாலும் ஒன்றுகூட அசையாது. அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சுரங்கத்தில் இறங்கி, அங்கேயே செத்துப்போனவர்கள். வருகிறேன் என்றார்களே என்று கப்பல்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கின்றன. இதைவிட மடத்தனம் உண்டா?

நான் தங்கபுஷ்பம். வியாழனைச் சுற்றுகிற கலிஸ்டோ என்கிற நிலாவில் இந்த நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். பனிக்கும் பாறைக்கும் நடுவில் இத்தனை வருஷம் இருந்து பாருங்கள், உங்களுக்கும் நீளும்.

முன்பெல்லாம் இங்கே கப்பல் திருட்டு கொஞ்சநஞ்சமல்ல. சாவி வைத்தால் கள்ளச்சாவி செய்தார்கள். முகம் பார்த்துத் திறக்கிற பூட்டு வைத்தால் அதே முகத்தைச் செய்து மாட்டிக்கொண்டு வந்தார்கள். குரல், கைரேகை, ரத்தம், எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் சொந்தக்காரன் கழுத்திலேயே கத்தியை வைத்து "நீயே திற" என்று ஆரம்பித்தார்கள். அப்போது வந்ததுதான், வாசலில் நின்று சொல்கிற சொல் மெய்யா என்று மனசைப் படித்துப் பார்க்கிற இந்தக் கருவி. கம்பெனி அதற்கு ஏதோ நீளமாகப் பெயர் வைத்திருந்தது. எங்கள் ஆட்கள் ஒரே நாளில் அதைப் பூதம் ஆக்கிவிட்டார்கள், புதையலைக் காக்கிற பூதம். அது வந்த பிறகு இங்கே ஒரு கப்பல்கூடத் திருட்டுப் போகவில்லை. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

மூச்சுக்காற்று தயாரிக்கிற ஆலை இனி ஓடாது, எல்லாரும் ஊரைக் காலி செய்து செவ்வாய்க்குப் போங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத்தில் இருக்கிற தொழிலாளர்களைக் கம்பெனியின் பெரிய கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. சொந்தக் கப்பல் வைத்திருப்பவர்கள் அவரவர் கப்பலில் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் காற்று உண்டு. நகர்த்த முடியாத நோயாளிகள், டாக்டர் ஆமினா, இரண்டு நர்ஸ்கள், வருகிற மருத்துவக் கப்பலை இறக்கிவிட நான், இவ்வளவு பேருக்குத்தான் அது தாங்கும். அந்தக் கப்பல் எப்போது வரும் என்று கேட்டால், வரும் என்றார்கள்.

மறுநாளே இசக்கி வந்து நின்றாள். தோளில் ஒரு மூட்டை, கையைப் பிடித்தபடி பத்து வயது மகள் செல்லக்கனி.

"அக்கா, எங்க கப்பலத் தொறந்து விடுங்க. சாமான ஏத்தணும்."

அவள் புருஷன் இருளப்பனின் கப்பல் என் அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. மூக்கில் பெரிய எழுத்தில் 'இசக்கி துணை' என்று எழுதியிருப்பான். சாமி பேரா, பொண்டாட்டி பேரா என்று கேட்டால் ரெண்டும் ஒண்ணுதான் அக்கா, ரெண்டுக்கும் கோவம் வரும் என்பான். ஒரு மாதத்துக்கு முன் சுரங்கத்தில் பாறை சரிந்து அவன் மார்புக்கூட்டை நொறுக்கிவிட்டது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"நான் தொறக்கதுக்கு இது என்ன ஆட்டோ ஸ்டாண்டா?" என்றேன். "உன் மாப்ள அன்னைக்கு எறங்கும்போது பூதத்துக்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்?"

"என்ன சொல்லுவாக? போயிட்டு வாரேன்னுதான் சொன்னாக."

"அதான். அது காத்துக்கிட்டுக் கெடக்கு. 'ஒருவேள நான் வராட்டா எம் பொண்டாட்டிக்கு'ன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தாலாவது, ஒரு வருஷம் பாத்துட்டு உனக்குத் தொறந்திருக்கும்."

"வேலைக்குப் போறப்ப வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொல்லுவாகளா? சொல்ல நான்தான் விட்டிருப்பேனா?"

 மற்ற தேசத்து ஆட்கள் அந்த வாக்கியத்தைச் சோறு தின்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். எங்கள் ஆட்களுக்காகத் தமிழில் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். 'ஒருவேளை நான் வராவிட்டால்' என்கிற இடத்தை மட்டும் யாரோ ஆணியால் சுரண்டி வைத்திருந்தார்கள். வாரேன் வரிசையில் நிற்கிற கப்பல் அத்தனையும் நம் ஆட்களுடையது.

"அப்ப அவுகள ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளிட்டு வாரேன். அவுக வந்தா தொறக்கும்லா?"

"தொறக்கும். ஆனா இன்ஜின் ஓடணும்னா அவன் உள்ள இருக்கணும். கெளம்பும்போது நெஞ்சுல அழுத்துமே, அத அவன் தாங்குவானா?"

தாங்கமாட்டான் என்று அவளுக்கும் தெரியும். டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"செத்துட்டான்னா கப்பல் அங்கேயே நிக்கும் இசக்கி. சொந்தக்காரனக் கொன்னுபோட்டு ஓட்டிட்டுப் போகக் கூடாதுல்லா, அதுக்கு வச்சது."

"வேற யாரு கப்பல்லயாவது?"

"எல்லாரையும் கேட்டுட்டேன். ஆளுக்கு அளந்து காத்து வச்சிருக்காக. ஒரு பிள்ளைக்குக்கூட எடமில்ல." வாசல் வாசலாகப் போய் நான் கெஞ்சியது அவளுக்குத் தெரியாது. எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். "வழியே இல்லையாக்கா?"

"ஒரு வழி இருக்கு. அவன் கப்பல உனக்கே கொடுத்துறணும். ரெண்டு பேரும் பூதத்து முன்னால நிக்கணும். அது அவங்கிட்ட, திரும்பி வருவியான்னு கேக்கும். வரமாட்டேன்னு அவன் சொல்லணும். அப்புறம் உங்கிட்ட, இவர் வருவாரான்னு கேக்கும். நீயும் வரமாட்டார்னு சொல்லணும்."

"வாயால சொல்லுததுதான?"

"வாயால சொன்னா போதாதுட்டி. மெய்யா இருக்கணும். கழுத்துல கத்திய வச்சு 'குடுத்துட்டேன்னு சொல்லு'ன்னா எவனும்தான் சொல்லுவான். ஆனா எப்படியும் திரும்ப வாங்கிறலாம்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு ஓடும்லா, அந்த நெனப்ப இது பிடிச்சிரும். குடுக்கவன் மனசுலயும் இருக்கக் கூடாது, வாங்குதவ மனசுலயும் இருக்கக் கூடாது. நீ கப்பல வாங்கிக்கிட்டு, பெறவு அவனும் வந்து ஏறிக்குவான்னு நெனச்சா, அது பேரு இரவல். இரவலுக்கு இது தொறக்காது."

"யாரு சொன்னது பொய்யின்னு சொல்லுமா?"

"சொல்லாது. சொன்னா திருடன் அந்த ஆளப் போட்டு இன்னும் நாலு மிதி மிதிப்பானே."

செல்லக்கனி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அப்பா பொய் சொல்லணுமா, நெசம் சொல்லணுமா?"



* * *

இருளப்பனைச் சக்கரக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். மூக்கில் குழாய், முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனால் வாய் மட்டும் பழைய வாய்தான்.

"என்னக்கா, இன்னும் இந்தப் பூதத்தோடதான் குடும்பம் நடத்துதியளா? ஒரு கல்யாணத்தப் பண்ணியிருக்கலாம்லா?"

"மூச்சு விடவே உன்னால முடியல, இதுல நக்கல் வேறயா? பேசாமக் கெடல."

கப்பல் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. பூதத்தின் குரல் கேட்டது, இனிமையான, மரியாதையான குரல். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாருங்கள், இருளப்பன். சொன்னபடியே வந்துவிட்டீர்கள்."

இருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக அவன் வருவான் என்று சந்தேகமே இல்லாமல் காத்திருந்தது அந்த இயந்திரம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ.

விஷயத்தைச் சொன்னேன். பூதம் கேட்டது. "இந்தக் கப்பலை இசக்கியிடம் ஒப்படைக்கிறீர்கள். இதற்குத் திரும்பி வருவீர்களா?"

அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். "வரமாட்டேன். இனி இது அவளுக்குத்தான். நான் போயிட்டு வாரேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. சிரித்தான், சிரிப்பு இருமலானது. நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரி செய்தாள்.

"சொல் ஒப்பவில்லை," என்றது பூதம்.

"நாக்கு அப்படித்தான் அக்கா வருது," என்றான். "பொறந்ததுலருந்து ஒரு தடவகூட 'போறேன்'னு மொட்டையாச் சொன்னது கெடையாது."

இசக்கியைப் பார்த்தேன். திறக்காமல் போனதில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுபடி செய்தோம். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான். "நான் வரமாட்டேன்." இசக்கியிடம் கேட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வரமாட்டாக," என்று முனகிவிட்டு, உடனே முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"சொல் ஒப்பவில்லை."

நான் ஒரு யோசனை சொன்னேன். இசக்கி கப்பலைக் கொண்டுபோய்ச் செவ்வாயில் விற்றுவிடட்டும். அவன் பிழைத்து வந்தால் வேறு கப்பல் வாங்கிக்கொள்ளட்டும். 'இசக்கி துணை'யில் மட்டும் இனி ஏறுவதில்லை என்று மனதார நினைத்துவிட்டால் போதுமே? இருளப்பன் தலையை ஆட்டினான். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொன்னான். அதுவும் ஒப்பவில்லை.

"என்னக்கா செய்ய? ஏறக் கூடாதுன்னு நெனக்க நெனக்க, எப்படா ஏறுவோம்னு இருக்கு. இதுக்குள்ளதான் கனி பொறந்தா. குழாய் குழாயா நானே மாத்துன கப்பலு."

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் இருந்த அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக் கத்தினேன். "அறிவுகெட்ட சென்மமே! காத்து தீரப்போகுது. அந்தப் பச்சப் பிள்ள மூச்சு முட்டிச் சாகும். அப்பவும் ஒப்பல ஒப்பலன்னு சொல்லிக்கிட்டு இருப்பியா?"

"உங்கள் கவலை புரிகிறது," என்றது. "திரும்பி வருவார் என்று நினைக்கும்வரை கப்பல் அவருடையது. காத்திருப்பது என் வேலை."

"அவன் பிழைக்கணும்னு நெனக்கது ஒரு குத்தமா?"

"குற்றம் இல்லை. அது இருக்கும்வரை திறக்க முடியாது. அவ்வளவுதான்."

இதோடு யார் சண்டை போடுவது? செவிடன் என்றால் சைகையாவது காட்டலாம். இதற்குக் காது நன்றாகவே கேட்கிறது.

* * *

சாயங்காலம் இசக்கி என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டர் ஆமினாவிடம் போனாள். டாக்டர் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை.

"மருத்துவக் கப்பல் நேரத்துக்கு வந்தா, அதுல இருக்கிற மெஷின்ல ஆபரேஷன் பண்ணலாம். பாதிக்குப் பாதி பிழைக்கலாம். லேட்டானா கஷ்டம்."

"நேரத்துக்கு வருமா டாக்டரம்மா?"

"எனக்குத் தெரியலம்மா. நான் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் இசக்கி வார்டிலேயே இருந்தாள். அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்துவிட்டாள். அவன் தூங்கும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. வெளியே ஒவ்வொரு கப்பலாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. காற்று அளவு காட்டுகிற முள் இறங்கிக்கொண்டே வந்தது. செல்லக்கனிக்குத் தலைவலி என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் இசக்கி என் அலுவலகத்துக்கு வந்தாள். குளித்து, தலை வாரி, சுத்தமாக இருந்தாள்.

"அவுக நம்பிக்கைய நான்தான் அக்கா எடுக்கணும். வேற யாரு சொன்னாலும் நம்பமாட்டாக."

"எடுக்கதுன்னா?"

"பிழைக்கவே மாட்டீகன்னு சொல்லப்போறேன். பாதிக்குப் பாதின்னு டாக்டரம்மா சொன்னது அவுகளுக்குத் தெரியாது. ஒண்ணுமே இல்லையாம்னு சொல்லப்போறேன். பொய்தான். சொல்லித்தான் ஆகணும்."

 இந்த இசக்கி யார் தெரியுமா? அரிசிப் பானை காலியானால் 'தீந்துபோச்சு' என்று சொல்லமாட்டாள், 'நெறஞ்சிருக்கு' என்பாள். விளக்கை அணை என்று மகளிடம் சொன்னதில்லை, 'குளுர வை' என்பாள். நான் பேச்சுவாக்கில் சனியன் என்று சொன்னால் என் வாயிலேயே ஒன்று போடுவாள். அவளா?

"உன்னால முடியுமாட்டி? நீயும் பூதத்துக்கிட்ட சொல்லணும்லா?"

"சொல்லுவேன். பிள்ளைக்காக எதையும் சொல்லுவேன்."

மூட்டைகளைக் கொண்டுவந்து வாசலில் அடுக்கினாள். மகளின் துணி, பாத்திரங்கள், மருந்துப் பெட்டி, அவளுடைய இரண்டு புடவை. இருளப்பனின் கம்பளிச் சட்டையும் செருப்பும் சவரப் பெட்டியும் எங்கே என்று கேட்டேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாளாம்.

"அவன் எந்திரிச்சு வந்தா எதப் போட்டுக்குவான்?"

"எட ஏறும்க்கா," என்றாள். எடை என்றால் எடைதானே, நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

* * *

அவனைக் கொண்டுவந்தபோது முன்பைவிட மோசமாக இருந்தான். ஆனாலும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "இன்னைக்குத் திருத்தமாச் சொல்லிருவேன் பாருங்க. நேத்துப் பூரா மனப்பாடம்."

இசக்கி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மகளை நான் பிடித்துக்கொண்டேன். காதைப் பொத்தலாம் என்று பார்த்தேன், அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"ஏங்க. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"நீங்க பிழைக்கமாட்டீக."

"ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத?"

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மருத்துவக் கப்பல் வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாதாம். நாந்தான் உங்ககிட்ட மறச்சேன். சரியாயிரும் சரியாயிரும்னு நானும் சொன்னேன், எல்லாரும் சொன்னாக. ஒண்ணும் சரியாகாது." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் உங்கள இனிமே பாக்கமாட்டேன். நீங்க எங்கள பாக்கமாட்டீக. கனி அப்பா இல்லாமத்தான் வளரணும்."

இருளப்பன் என்னைப் பார்த்தான். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தான். என் கைக்குள் அந்தப் பிள்ளையின் தோள் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் மறுபடி பெண்டாட்டியைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"உன் வாயாலயே சொல்லிட்டியேட்டி," என்றான்.

அவன் முகத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வலி இல்லை, கோபமும் இல்லை. அதுவரை அவன் கழுத்து நரம்பு கொஞ்சம் விறைத்தே இருக்கும், எழுந்து உட்காரப் பார்க்கிறவன் மாதிரி. அது தளர்ந்தது. தலை தலையணையில் பதிந்தது.

"திரும்பி வருவீர்களா?" என்று பூதம் கேட்டது.

"வரமாட்டேன்."

"இவர் திரும்பி வருவாரா?"

"வரமாட்டாக," என்றாள் இசக்கி. கண்ணை மூடவில்லை. வாயைத் துடைக்கவில்லை.



"ஒப்பியது. கப்பல் இனி இசக்கியுடையது."

கதவு திறந்தது. ஒருவருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை. இசக்கி மடமடவென்று மூட்டைகளை உள்ளே தூக்கிப் போட்டாள். நான் அவளை நினைத்துப் பெருமைப்பட்டேன். என்ன நெஞ்சுறுதி, இப்படிப் பொய் சொல்ல ஒரு தாயால்தான் முடியும் என்று நினைத்தேன். அந்தப் பூதத்தையே ஏமாற்றிவிட்டாளே என்றுகூட மனசுக்குள் கொக்கரித்தேன்.

செல்லக்கனி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, போயிட்டு வாரேன்."

எந்த அப்பனும் அதற்குப் 'போயிட்டு வாம்மா' என்றுதான் சொல்வான். இருளப்பன் அவள் தலையைத் தடவினான்.

"போம்மா," என்றான்.

கப்பல் கிளம்பியபோது அவனை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

* * *

மருத்துவக் கப்பல் வந்தது. எங்கள் நல்ல காலமோ கெட்ட காலமோ, நேரத்துக்கே வந்தது. நான்தான் விளக்குக் காட்டி இறக்கினேன். அவனை அதற்குள் கொண்டுபோய் மெஷினில் போட்டார்கள். டாக்டர் ஆமினா வெளியே வந்து முகமூடியைக் கழற்றிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிழைத்துக்கொண்டான். மார்பில் உலோகத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கொடுத்ததைச் சாப்பிட்டான். ஆனால் நக்கல் நின்றுபோயிற்று. நான் வலியப் போய் வம்பிழுத்தாலும் "ஆமாக்கா" என்பான். ஏல, நாலு வார்த்தை திட்டித்தான் தொலையேன் என்று கத்தினேன். அதற்கும் ஆமாக்கா என்றான்.

மருத்துவக் கப்பல் எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்குப் போய், அங்கிருந்து பூமிக்குப் போகும் என்றார்கள். அவன் செவ்வாயில் இறங்கினால் பெண்டாட்டி, பிள்ளை, கப்பல் எல்லாம் அங்கேயே இருக்கும். டாக்டர் இசக்கிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். நாங்கள் கிளம்புவதற்கு முன் அவளுடைய பதில் வந்து சேர்ந்தது. இங்கிருந்து அவளிடம் பேச்சுப் போய்ச் சேரவே அரை மணி ஆகும் என்பதால் நேராகப் பேச முடியாது, பதிந்துதான் அனுப்ப வேண்டும். அவனை என் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன்.

திரையில் இசக்கி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பின்னால் செல்லக்கனி குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் பாவி. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேங்க. பாதிக்குப் பாதி பிழைக்கலாம்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. பிள்ளைக்காகத்தான் அப்படிச் சொன்னேன். நீங்க வந்துருவீகன்னு உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும்ங்க. ஒரு நிமிசம்கூட நான் வேற நெனக்கல. கப்பல் உங்களுக்குத்தான். வந்துருங்க."

எனக்கு மூக்கை உறிஞ்சத்தான் நேரம் இருந்தது. "பாத்தியால? மகராசி. உனக்குன்னு பொறந்தவ," என்று அவன் முதுகில் தட்டினேன்.

அவன் அதை இன்னொரு முறை போடச் சொன்னான். போட்டேன். முழுவதையும் கேட்டான். பிறகு நான் காட்டுவதற்கு முன்னாலேயே பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

"இசக்கி, நல்லா இருக்கேன். கனியப் பாத்துக்கோ." திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். "நீ அழாத. ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லு பொய்யா இருந்தாலும் பூதம் தொறக்காதுட்டி. ஆனா தொறந்துச்சே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கையை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டான்.

அரை மணி கழித்து அவளுக்குக் கேட்கும்.